நான் வாசித்துச் சொன்ன காற்று

மொட்டை மாடிக்கு ஏறுகிற வெளிப்படிக்கட்டில், கீழிருந்து நான்காவது படி. இளையவள் அங்கேதான் நிற்பாள். நைட்டியின் மேல் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு, சுவரில் தோளைச் சாய்த்து, அந்தச் சின்ன போனை நெஞ்சுக்கு நேரே பிடித்திருப்பாள். மூன்றாவது படியில் நெட் கிடைக்காது, ஐந்தாவதில் ஏறினால் அறுந்துபோகும் என்பது அவள் கண்டுபிடித்தது. கட்டைவிரல் நடுப்பொத்தானை அழுத்தும். பிறகு அசையாமல் காத்திருப்பாள். அப்போது திரையின் அடியில் ஒரு வெள்ளைக் கோடு மெல்ல ஊரும் என்பதும், பாதியில் நின்று யோசித்துவிட்டு மறுபடி ஊரும் என்பதும் பிற்பாடு அவள் தோளுக்குப் பின்னால் நின்று நான் தெரிந்துகொண்டவை. அடுக்களை ஜன்னலில் நின்று சாளை மீனின் செதிலைச் சுரண்டியபடி அவளைப் பார்ப்பேன். இன்றைக்கு அந்த போனில் ஒன்றும் திறக்கக் கூடாது, இன்றைக்கு அவள் வெறுங்கையோடு இறங்கி வர வேண்டும் என்று மனசுக்குள் வேண்டிக்கொள்வேன். மாதாவிடம்கூட வேண்டியிருக்கிறேன். எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் உண்மை.

எங்கள் ஊர் குளச்சலுக்குப் பக்கத்தில். கடலிலிருந்து இரண்டு தெரு தள்ளி வீடு. என் வீட்டுக்காரரும் அவருடைய தம்பியும் ஒரே வள்ளத்தில் தொழிலுக்குப் போனார்கள். பின்பக்கம் என்ஜின் மாட்டிய ஃபைபர் வள்ளம். விடிவதற்குச் சற்று முன் இறக்கினால் மத்தியானச் சோற்றுக்குக் கரையேறிவிடுவார்கள். மாமனார் இறந்த பிறகு வீடு மாமியின் கையில் இருந்தது. மருமகள்கள் இரண்டு பேரையும் மாமி பேர் சொல்லிக் கூப்பிட்டது கிடையாது. நான் மூத்தவள். என் கொழுந்தனைக் கட்டிக்கொண்டு வந்தவள் இளையவள். இத்தனை வருடம் கழித்து அவளைப் பற்றி எழுத உட்காரும்போதும் அந்தப் பேர்தான் முதலில் வருகிறது.

அவள் வருவதற்கு முன் பதினொரு வருடம் அந்தத் தெருவில் பிளஸ் டூ முடித்த ஒரே மருமகள் நான். கரண்ட் ஆபீசிலிருந்து வந்த தாள், பேங்கு ஃபாரம், வளைகுடாவிலிருந்து வந்த விசாத் தாள், டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு, மீன்துறைக்கு எழுத வேண்டிய மனு, எதுவானாலும் எங்கள் வாசலுக்குத்தான் வரும். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் முதல் வாசகம் வாசிப்பதும் நான்தான். வந்தவர்களிடம் மாமி, "எனக்க மூத்தவ வாசிச்சா கல்லறையில கெடக்கவனுக்கும் வெளங்கும்" என்பாள். நான் காதில் விழாததுபோல இருப்பேன். ஆனால் அதைக் கேட்பதற்காகத் தேங்காய் துருவுகிற கையை ஒரு நொடி நிறுத்துவேன். பெரிய வீடோ நகையோ இல்லாதவளுக்கு அதுதான் கழுத்தில் கிடந்த சங்கிலி.

இளையவள் மண்டைக்காட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தாள். நாகர்கோவிலில் பி.எஸ்ஸி. இயற்பியல் படித்தவள். வளைகுடாவில் இருந்த அவளுடைய அண்ணன் கல்யாணத்துக்குக் கொடுத்தது அந்த போன். எங்கள் தெருவிலும் அப்போது போன்கள் இருந்தன, பேசுவதற்கும் டார்ச் அடிப்பதற்கும். அவளுடையதும் பொத்தான் போன்தான், பார்வைக்குப் பெரிய வித்தியாசம் இல்லை. திரையில் மட்டும் நிறம் இருந்தது, அதில் ஒரு மூலையில் நீல நிறத்தில் பூமி உருண்டை. "இதைத் திறந்தா எந்த ஊரு சங்கதியும் வாசிக்கலாம் அக்கா" என்று வந்த வாரமே என்னிடம் காட்டினாள். "கொள்ளாமே" என்று ஒப்புக்குப் பாராட்டிவிட்டு நான் உலையில் அரிசியைப் போட்டேன்.

மூன்று மாதம் வரை அந்த உருண்டையால் எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை. ஒரு சாயங்காலம் அண்ணனும் தம்பியும் முற்றத்தில் தூண்டில் கயிற்றின் சிக்கலை எடுத்துக்கொண்டிருந்தார்கள். இளையவள் கதவோரம் வந்து நின்று, "நாளைக்கு ஒம்பது மணிக்கு மேல காத்து கூடும்ணு போட்டிருக்கு" என்றாள். கொழுந்தன் சிரித்துவிட்டார். என் வீட்டுக்காரர், "கடலுக்கு ஒனக்க போன் நம்பரு தெரியுமா மக்கா?" என்று கேட்டார். மறுநாள் ஒன்பதரைக்குக் காற்று வந்தது. இரண்டு பேரும் நனைந்து, வாய்பேசாமல் திரும்பினார்கள். அடுத்த வாரமும் அப்படியே நடந்தது. மூன்றாவது தடவை என் வீட்டுக்காரர் குளித்துவிட்டுத் தலையைத் துவட்டிக்கொண்டே அடுக்களைக்குள் வந்தார். நான் அடுப்படியில் இருந்தேன். என்னைத் தாண்டி, பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அவளிடம், "மக்கா, நாளைக்கு எப்பிடி இருக்கு?" என்று கேட்டார். பதினொரு வருடத்தில் நாளைக்கு என்ன என்று அவர் என்னிடம் எதையும் கேட்டதில்லை. குழம்பில் உப்பு இரண்டு தடவை போட்டது அன்றைக்குத்தான்.

அதன் பிறகு சாயங்காலம் ஆறு மணிக்கு எங்கள் மதிலுக்கு வெளியே ஆம்பிளைகள் வந்து நிற்கத் தொடங்கினார்கள். முதலில் இரண்டு பேர், பிறகு எட்டு, பத்து. அவள் படியில் ஏறுவாள். காற்று, அலை விவரம் உள்ள பக்கம் அந்த போனில் திறக்கிற விதத்தை இன்றைய பிள்ளைகளிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள். படம் வர வேண்டிய இடமெல்லாம் வெறும் கட்டமாக, நடுவில் ஒரு பெருக்கல் குறியோடு நிற்கும். எழுத்து மட்டும் துண்டு துண்டாக வரும். அகலமான அட்டவணை அந்தச் சின்னத் திரையில் கொள்ளாததால், பக்கத்துப் பக்கத்தில் இருக்க வேண்டிய எண்கள் ஒன்றின் கீழ் ஒன்றாக விழுந்து கிடக்கும். எந்த எண் எந்த மணிக்கு, எது காற்று, எது அலை என்று மனசிலேயே கோடு போட்டுப் பிரிக்க வேண்டும். அவள் கீழ்ப்பொத்தானை அழுத்தி அழுத்தி இறங்கிப் போவாள், உதடு அசையும். பிறகு நிமிர்ந்து, "காலையில ஒண்ணுமில்ல. பதினொண்ணுக்கு மேல அலை ஒண்ணரை மீட்டரு" என்பாள். ஒன்றரை மீட்டர் என்றால் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டுவாள். வெளியே நின்ற ஆம்பிளைகள், என்னைவிட வயதில் மூத்தவர்கள்கூட, தலையை ஆட்டிக்கொண்டு போவார்கள். அவர்களில் இரண்டு பேர் தாள் வாசிக்க என்னிடம் வந்துகொண்டிருந்தவர்கள். இப்போது அந்தத் தாள்களும் அப்படியே அவளிடம் போயின. வந்ததே வந்தோம், இதையும் இவளிடமே கேட்போம் என்று.

நான் செய்யக்கூடிய சின்னத்தனங்களையெல்லாம் செய்தேன். ஆறு மணி ஆகும்போது அந்தப் படியில் ஈரத் துணியைக் காயப் போட்டேன். அவள் பேசாமல் துணிகளை மடித்து ஐந்தாவது படியில் வைத்துவிட்டு நின்றாள். மாமியிடம், "ஆம்பிளைங்க இப்பிடி மதிலைச் சுத்தி நிக்கது நல்லாவா இருக்கு?" என்று கேட்டேன். "கடலுக்குப் போறவன் உயிரோட வரணும் ஏட்டி, அதுக்கு எங்கயும் நிப்பான்" என்றாள் மாமி. மாமி சொன்னது சரி என்பது எனக்கும் தெரிந்துதான் இருந்தது. அதனால் இன்னும் எரிந்தது.

ஆனால் இளையவள் என்னிடம் ஒருநாளும் முகம் மாறியதில்லை. "அக்கா, வாங்க, சொல்லித் தாறேன். ஒங்களுக்கு இங்கிலீஷ் என்னைவிட நல்லா வருமே" என்று பல தடவை கூப்பிட்டாள். "எனக்கு அடுப்புல வேலை கெடக்கு" என்பேன். கற்றுக்கொள்ள ஆசை இல்லாமல் இல்லை. அவளிடமிருந்து கற்றுக்கொள்ளத்தான் மனசு வரவில்லை. அதற்குப் பதிலாக, மாடியில் வற்றல் காயப் போடுகிற சாக்கில் அவளுக்குப் பின்னால் ஏறி இறங்கினேன். தோளுக்கு மேலாகப் பார்த்துப் பார்த்து மனப்பாடம் செய்தேன். நடுப்பொத்தான். நீல உருண்டை. ஒரு நட்சத்திரக் குறி. அதில் முதல் வரி. கீழ்ப்பொத்தான் ஏழு தடவை. அவ்வளவுதான், இதற்கா இந்தப் பெருமை என்று நினைத்தேன். அவள் ஒவ்வொரு நாளின் பக்கத்தையும் அந்த நட்சத்திரத்துக்குள் போனிலேயே சேமித்து வைப்பாள் என்பதோ, வள்ளம் திரும்பிய பிறகு அதைத் திறந்து, சொன்னதும் நடந்ததும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பாள் என்பதோ எனக்குத் தெரியாது. நான் பின்னால் நின்று பார்த்ததெல்லாம் அநேகமாக அந்தப் பழைய பக்கங்களை அவள் சரிபார்த்த நேரம்தான்.

புரட்டாசியில் ஒருநாள் அவளுடைய அம்மாவுக்குக் காய்ச்சல் என்று செய்தி வந்தது. மத்தியான பஸ்சில் கிளம்பினாள். பையை எடுத்துக்கொண்டு வாசல் வரை போனவள் திரும்பி வந்து போனை என் கையில் வைத்தாள். "இது இஞ்ச இருக்கட்டு அக்கா. ஆறு மணிக்கு எல்லாரும் வந்து நிப்பாங்க. நீங்க பாத்துச் சொல்லுங்க. எப்பிடிண்ணு ஒருக்கா காட்டித் தரட்டா?"

"எனக்குத் தெரியும்" என்றேன்.

அவள் முகத்தில் சந்தோஷம்தான் தெரிந்தது. "பாத்திருக்கியளா? அப்போ ஒரு காரியம் மட்டும் அக்கா, மேல தேதி..."

"எனக்குத் தெரியும்ணு சொன்னேன்லா. பஸ்சு போயிரும், நீ போ."

போனாள். அன்றைக்கு மத்தியானம் முழுவதும் அந்த போனை முந்தானையில் முடிந்து வைத்திருந்தேன். குளித்து, வேறு சேலை மாற்றினேன். அது எதற்கென்று எனக்கே தெரிந்திருந்தது.

ஆறு மணிக்கு நான்காவது படியில் நான் நின்றேன். மதிலுக்கு வெளியே ஏழெட்டுப் பேர். முற்றத்தில் என் வீட்டுக்காரரும் கொழுந்தனும். மாமி வாசலில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். நடுப்பொத்தானை அழுத்தினேன். உருண்டை, நட்சத்திரம், முதல் வரி. வெள்ளைக் கோடு ஊரவே இல்லை, பக்கம் சட்டென்று வந்து நின்றது. அவளுக்கு அத்தனை நேரம் எடுக்கிற காரியம் எனக்கு ஒரு நொடியில் நடந்துவிட்டதே என்று உள்ளுக்குள் பூரித்தேன். ஏழு தடவை அழுத்தி இறங்கினேன். எண்கள் சின்னச் சின்னதாக இருந்தன. பூசையில் வாசகம் வாசிக்கிற குரலில், நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். "காத்து கொறவு. அலை ஒரு மீட்டருக்குக் கீழ. நாள் பூரா இப்பிடித்தான். கடல் அடங்கித்தான் கெடக்கும்."

"அப்போ நாளைக்குக் கொஞ்சம் தூரம் போலாம்" என்றார் வெளியே நின்றவர்களில் ஒருவர். என் வீட்டுக்காரர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "நீயும் படிச்சிட்டியா?" என்று கேட்டார். அந்தப் பார்வைக்காகத்தான் நான் அத்தனை மாதம் ஏங்கிக் கிடந்தேன். அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு அவருக்குப் பிடித்த புளிமுளம் மீன்குழம்பு வைத்தேன். இத்தனைக்கும் போனின் திரையில், எழுத்துக்கெல்லாம் மேலே, அந்தப் பக்கத்தின் தேதி இருந்தது. நான் அதற்குக் கீழே இருந்துதான் வாசிக்கத் தொடங்கினேன்.

மறுநாள் விடியும்போது கடல் நான் சொன்னபடிதான் கிடந்தது. பத்து மணி பஸ்சில் இளையவள் வந்து இறங்கியபோது தென்னையின் ஓலைகள் ஒரு பக்கமாகத் திரும்பத் தொடங்கியிருந்தன. வந்தவள் செருப்பைக் கழற்றாமலே கேட்டாள். "இவங்க போயிருக்காங்களா அக்கா?" போயிருக்கிறார்கள் என்றேன். போனை வாங்கினாள். நான் பார்த்த பக்கம் அப்படியே அதில் நின்றது. அவள் மேல்பொத்தானை அழுத்தி உச்சியில் இருந்த தேதியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"இது முந்தாநாத்து உள்ளது அக்கா."

எனக்குப் புரியவில்லை. அவள் ஓடிப்போய்ப் படியில் ஏறினாள். நானும் பின்னாலேயே போனேன். நட்சத்திரத்தை விட்டுவிட்டு வேறொரு இடத்துக்குப் போய்ப் பொத்தானை அழுத்தினாள். வெள்ளைக் கோடு ஊர்ந்தது. அதைப் போல நீளமான நேரம் என் ஆயுளில் வேறில்லை. பக்கம் திறந்ததும் அவள் வாசித்துச் சொல்லவில்லை. எண்களை நானே பார்த்தேன். பதினொரு மணிக்கு நேரே இருந்த அலை இரண்டரை மீட்டர். அவள் தொட்டுக் காட்டுகிற நெஞ்சைத் தாண்டி, தலையையும் தாண்டி.

கரைக்கு ஓடினோம். கோவில் மணி அடித்து ஊரே திரண்டது. பன்னிரண்டு மணிக்கு முதல் வள்ளம் வந்தது, ஒரு மணிக்கு இரண்டு. ஒவ்வொன்றும் அலையின் முதுகில் ஏறி மணலில் வந்து விழும்போது அந்த வீட்டுப் பெண்கள் கத்திக்கொண்டு தண்ணீருக்குள் ஓடினார்கள். எங்கள் வள்ளம் இல்லை. நல்ல மீன் கிடைக்கும் என்று அவர்கள் தூரமாய்ப் போயிருந்தார்கள், கடல் அடங்கிக் கிடக்கும் என்று சொன்னவள் வீட்டுக்காரி ஆயிற்றே. இளையவள் என் கையைப் பிடித்திருந்தாள். விட்டுவிட்டால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது, ஆனால் நானாக உருவிக்கொள்ளவும் தைரியம் இல்லை.

மூன்று மணிக்கு வந்தார்கள். கரைக்கு நாற்பது அடி இருக்கும்போது பின்னாலிருந்து வந்த அலை வள்ளத்தைப் பக்கவாட்டில் தூக்கிக் கவிழ்த்தது. என் வீட்டுக்காரர் தலையைத் தூக்கினார், நீந்தினார். கொழுந்தனைக் காணவில்லை. நாலைந்து பேர் பாய்ந்து போய் அவரை இழுத்து வந்து மணலில் போட்டபோது உயிர் இருந்தது. கவிழ்ந்த வேகத்தில் என்ஜின் வந்து அவருடைய வலது தோளில் அடித்திருந்தது. அந்தத் தோள் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை.

நாகர்கோவிலில் ஒரு ஆஸ்பத்திரியின் வராந்தாவில்தான் மாமி கேட்டாள். நீளமான பெஞ்சில் நாங்கள் எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். "கடல் அடங்கிக் கெடக்கும்ணு யாருட்டி சொன்னது? நீதானே மூத்தவளே வாசிச்சே?" பதில் இளையவளிடமிருந்து வந்தது. "அக்கா மேல தப்பில்ல மாமி. நாந்தான் போகும்போது பழைய பக்கத்தைத் தொறந்து வச்சிட்டுப் போயிட்டேன். அக்கா அதுல உள்ளதை வாசிச்சாங்க, அவ்வளவுதான்." அதைச் சொல்லும்போது அவள் என்னைப் பார்க்கவில்லை. உள்ளே அவளுடைய புருஷனின் தோளில் கத்தி வைத்துக்கொண்டிருந்தார்கள்.

நான் வாயைத் திறக்கவில்லை. ஒரு வார்த்தை போதுமாயிருந்தது. மாமி எழுந்து, "அந்தப் போனு எனக்க மவனுக்க கையைத் தின்னுட்டே" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டாள். அன்றைக்குப் பிறகு இளையவள் கையால் ஒரு வாய் தண்ணீர்கூட மாமி வாங்கிக் குடிக்கவில்லை. அவள் வைத்த குழம்பை ஒதுக்கிவிட்டு வெறும் சோற்றைத் தின்றாள். ஆறு மணிக்கு மதிலோரம் யாரும் வரவில்லை. கொஞ்ச நாளில் மனுக்களும் ஃபாரங்களும் பழையபடி என்னிடம் திரும்பின. நான் என்ன கேட்டேனோ அது எனக்குக் கிடைத்துவிட்டது. அதை அனுபவிக்க முடியவில்லை என்று எழுதினால் படிக்கிறவர்களுக்கு என்மேல் இரக்கம் வரும். உண்மையில் கொஞ்சம் அனுபவித்தேன். மனு எழுதிக் கொடுக்கும்போது கையெழுத்தை இன்னும் அழகாக்கினேன். ஆனால் பாத்திரம் கழுவுகிற அவளுடைய முதுகைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு புதிய எரிச்சல் வந்தது. போனைப் பார்த்துப் பொறாமைப்பட்டபோது, அது ஒரு பொருள், என்றைக்காவது நானும் வாங்கலாம் என்ற நினைப்பாவது இருந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் அவள் சொன்ன அந்த நாலு வரியை எந்தக் கடையில் வாங்குவது?

கொழுந்தனால் வலது கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியவில்லை. கடல் வேலை முடிந்தது. எட்டு மாதம் கழித்து கோட்டாற்றில் ஒரு வாடகை வீட்டுக்குப் போனார்கள். பெயின்ட் கடையில் அவருக்குக் கணக்கர் வேலை. இளையவள் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கப் போய், பிறகு பி.எட். முடித்து, தனியார் பள்ளிக்கூடத்தில் டீச்சரானாள். ஒரு மகள் பிறந்தாள். சின்னதாக ஒரு சொந்த வீடு கட்டினார்கள். நான் அங்கே போகும்போதெல்லாம் அந்த வீட்டின் தரையைப் பார்ப்பேன், அலமாரி நிறையப் புத்தகத்தைப் பார்ப்பேன், அவள் இஸ்திரி போட்ட சேலையில் பள்ளிக்கூடத்துக்கு இறங்கிப் போவதைப் பார்ப்பேன். என் வீட்டுக்காரர் இப்போதும் விடியலில் கடலுக்குப் போகிறார். ஆடி மாதத்தில் நான் இப்போதும் ஜெபமாலையோடு உட்கார்ந்திருக்கிறேன். என் தப்பினால்கூட அவளுக்குத்தான் விடிந்தது என்று நினைத்திருக்கிறேன். ஒருவருடைய புருஷனின் தோளை உடைத்துவிட்டு, அதனால் அவர்கள் பிழைத்துக்கொண்டார்கள் என்பதற்காகப் பொறாமைப்பட்டவள் நான். இதைப் பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சுற்றி வளைத்துத்தான் சொன்னேன்.

போன வருடம் மாமி படுக்கையில் விழுந்தாள். நாலு மாதம் கிடந்தாள். ஞாயிறுதோறும் இளையவள் சூப்பு வைத்து எடுத்துக்கொண்டு வருவாள். மாமி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வாள். அவள் பாத்திரத்தை என்னிடம் தந்துவிட்டு வெளியே போய் உட்காருவாள். அதே சூப்பை நான் கொடுத்தால் மாமி குடிப்பாள். ஸ்பூனை மாமியின் வாயில் வைக்கும்போது, இப்போது சொல்லிவிடலாம், இந்த வாய் முடிந்ததும் சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். மாமிக்குக் கடைசிவரை நினைவு தெளிவாக இருந்தது, சொன்னால் விளங்கியிருக்கும். சொல்லவில்லை. பயம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மாமியின் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த அந்த ஒரு நாற்காலியில் மட்டும்தான் நான் இளையவளைவிட உசரத்தில் உட்கார்ந்திருந்தேன், அதுதான் காரணம்.

மாமி இறந்து முப்பதாம் நாள் பூசை முடிந்து, வந்தவர்கள் சாப்பிட்டுப் போன பிறகு வீட்டில் நாங்கள் நாலு பேர் மட்டும் இருந்தோம். பேச்சு மாமியின் பிடிவாதத்தைப் பற்றிப் போனது. என் வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே, "சாகும்வரை அந்தப் போனை மன்னிக்கல்லயே அம்மை" என்றார். அப்போது சொன்னேன். பக்கத்தை யாரும் திறந்து வைக்கவில்லை, நானாகத் திறந்தேன், தேதியைப் பார்க்க அவள் சொல்ல வந்தாள், நான்தான் கேட்காமல் விரட்டினேன் என்று எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். என் வீட்டுக்காரர் சாப்பிட்ட கையோடு அப்படியே இருந்தார். கொழுந்தன்தான் முதலில் பேசினார். "எனக்குத் தெரியும் மைனி. ஆஸ்பத்திரியிலயே இவ சொல்லிட்டா. கடல்ல போறவனுக்கு எந்தப் பேச்சைக் கேக்கணும்ணு அறிவு வேணும். எனக்க கண்ணு எங்க போச்சு?"

இளையவள் இலைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை. நான் அவளிடம் கேட்டேன். "ஒனக்குத் தெரிஞ்சிருந்தும் நீ ஏன் பழியை ஏத்துக்கிட்டே?"

"அன்னைக்கு மாமி இருந்த இருப்புல ஒங்களை அடிச்சிருப்பாங்க அக்கா. ரெண்டு நாளு போவட்டு, நீங்களே சொல்லிருவீங்கண்ணு நெனச்சேன்." இலைகளைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தாள். "மாமி போற வரை நெனச்சேன்."

"இப்போ சொல்லிட்டேனே."

"எங்களுக்குத்தான் தெரியுமே அக்கா. தெரிஞ்சிருக்க வேண்டியது மாமிக்குத்தான்."

அதில் கோபம் இல்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நான் அழுதிருப்பேன், அவளும் அழுதிருப்பாள், ஒருவேளை கட்டிக்கொண்டிருப்போம். அவள் இலைகளைத் தொட்டியில் போட்டுவிட்டுக் கையைக் கழுவினாள். மிச்சமிருந்த கறியை இரண்டாகப் பிரித்து எனக்கு ஒரு பங்கு வைத்தாள். பிள்ளைக்கு நாளைக்குப் பரீட்சை என்று கிளம்பினார்கள்.

வாசல் வரை போனேன். ஸ்கூட்டரை அவள்தான் ஓட்டுவாள். கொழுந்தன் பின்னால் ஏறி உட்கார்ந்து, இடது கையை அவள் தோளில் வைத்துக்கொண்டார். அவள் திரும்பி, "உள்ள போங்க அக்கா, வெயிலா இருக்கு" என்றாள். தெரு முனையில் ஒரு பள்ளம் இருக்கிறது. அந்த இடத்தில் வண்டியை அவள் மெதுவாக்கினாள், அவர் குனிந்து ஏதோ சொன்னார், அவள் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள். எனக்குப் பின்னால் முற்றத்தில் என் வீட்டுக்காரர் இன்னும் பேசாமல் நின்றுகொண்டிருந்தார். அவருடைய முகத்தைப் போய்ப் பார்க்க வேண்டும், அதுதான் அப்போது நான் செய்ய வேண்டிய காரியம். ஆனால் அந்தச் சிரிப்பு திருப்பத்தில் மறையும் வரை நான் அங்கேயே நின்று பார்த்தேன். பழைய இடத்தில் பழையபடியே எரிந்தது.